பதினான்காவது அங்குலம்: கோல்ஃப் மட்டையும் கையின் அறிவும்

1

கோல்ஃப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் அந்த ஆட்டத்தை ஆடியவனில்லை. முதலாளிகளும் ராணுவ அதிகாரிகளும் பச்சைப் புல்லில் நடந்தபடியே பேரம் முடிக்கிற ஆட்டம், ஊருக்குக் குடிதண்ணீர் வராத நாளிலும் அந்தப் புல்லுக்கு மட்டும் தண்ணீர் வந்துவிடுகிறது என்பதற்கு மேல் எனக்கு அதுபற்றி அபிப்பிராயம் ஏதும் இருந்ததில்லை. ஒரு தகரக் கொட்டகையில் கழித்த ஒரு மத்தியானம்தான் இதை எழுத வைத்தது.

கொட்டகைக்காரர் கோல்ஃப் மட்டைகளைப் பழுதுபார்ப்பவர். சிறுவயதில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தவர். அந்த வேலைக்குக் 'கேடி' என்று பெயர். (நம்மூர் போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டில் கேடி என்றால் வேறு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றாலும், சொல்லும்போது அவரே சிரித்துக்கொண்டார்.) என் இரண்டு கைகளிலும் இரண்டு மட்டைகளைக் கொடுத்து, "கண்ண மூடிக்கிட்டு லேசா வீசிப் பாருங்க தம்பி. எது கனம்?" என்றார். வலதுகை மட்டைதான் கனம் என்றேன். இரண்டையும் எடைத்தட்டில் வைத்துக் காட்டினார். இடதுகை மட்டைதான் எடை கூடுதல். "நிறுத்தா இது கூட. வீசுனா அது கூட. எடை வேற, வீச்சுக்கனம் வேற" என்றார்.

வீச்சுக்கனத்தை அளக்க அவரிடம் ஒரு தராசு இருந்தது. பார்த்தவுடன் நம் பழைய வெள்ளிக்கோல் ஞாபகம் வந்தது. ஒரு கோல், ஒரு தாங்குமுனை, ஒருபுறம் சரக்கு, மறுபுறம் நகரும் எடை. இங்கே சரக்கு, மட்டை. கைப்பிடியின் நுனியிலிருந்து சரியாக 14 அங்குலத்தில் மட்டை தாங்குமுனைமீது கிடக்கிறது. இரும்புத் தலை வெளியே தொங்குகிறது. அந்தத் தலை எவ்வளவு இழுக்கிறது என்பதைத் தராசு ஓர் எழுத்தாகவும் எண்ணாகவும் சொல்கிறது. ஏயில் தொடங்கி ஜி வரை எழுத்துகள், ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் பத்துப் படிகள். டி-2 என்றால் ஆண்களுக்கான மட்டைகளில் பொதுவாகக் கிடைப்பது. தலையில் 2 கிராம் ஈயநாடாவை ஒட்டினால் ஒரு படி ஏறும். தண்டை அரை அங்குலம் நீட்டினால் மூன்று படி ஏறும். கைப்பிடியில் நாலைந்து கிராம் கூட்டினால் ஒரு படி இறங்கும். ஒருவருடைய எல்லா மட்டைகளும் கையில் ஒரேமாதிரி உணரப்பட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே படிக்குக் கொண்டுவர வேண்டும். பொருத்துதல் என்று இவர்கள் சொல்வது இதைத்தான்.

கையின் உணர்வு எப்போது, யாருக்காக ஓர் எண்ணாக மாறியது? இதுதான் எனக்குள் எழுந்த கேள்வி.

2

ஸ்காட்லாந்தில் இந்த மட்டைகளை முதலில் செய்தவர்கள் வில் செய்பவர்கள். 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் காலத்து நாடாளுமன்றம் கோல்ஃபைத் தடைசெய்தது. ஜனங்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதை ஆடுகிறார்கள் என்பது காரணம். 1502இல் நான்காம் ஜேம்ஸ் மன்னரே பெர்த் நகரத்து வில்தச்சர் ஒருவரிடம் மட்டை வாங்கியது அரண்மனைக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. 1603இல் அரசருடைய மட்டைச் செய்பவராக நியமிக்கப்பட்ட வில்லியம் மெய்னும் எடின்பரோவின் வில்தச்சர்தான். எந்த மரம் எங்கே வளையும், எவ்வளவு வளைந்து எப்போது திரும்பும் என்பது அவர்களுடைய கைகளுக்குத் தெரிந்த சங்கதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஹியூ ஃபில்ப் (1782-1856) போன்றவர்களின் பட்டறைகளில் இந்த அறிவு முழுமையடைந்தது எனலாம். நீண்ட மூக்குடைய மரத்தலையின் பின்புறம் குடைந்து ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அடிப்பகுதியில் ஆட்டுக்கடாவின் கொம்பைப் பதிப்பார்கள். தண்டு முதலில் சாம்பல் மரம், பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி. தண்டை அரத்தாலும் கண்ணாடிச் சில்லாலும் சுரண்டிச் சுரண்டி, தரையில் ஊன்றி வளைத்துப் பார்த்து, மறுபடியும் சுரண்டுவார்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. கை 'போதும்' என்னும்போது போதும்.

ஹிக்கரித் தண்டுகளில் இரண்டு ஒன்றுபோல் இருப்பது அரிது. ஒவ்வொன்றுக்கும் தனி முறுக்கு, தனி வளைவு. எனவே 'செட்' என்கிற கருத்தாக்கமே அப்போது இல்லை. ஆட்டக்காரர் ஒவ்வொரு மட்டையாக வருஷக்கணக்கில் சேர்த்தார். அவற்றுக்குப் பெயர்கள் இருந்தன: கிளீக், மாஷி, நிப்ளிக், ஸ்பூன், பிராஸி. பாபி ஜோன்ஸ் தன் பந்துருட்டும் மட்டைக்கு 'கலாமிட்டி ஜேன்' என்றும், நெடுந்தூர மட்டைக்கு 'ஜீனி டீன்ஸ்' என்றும் பெயர் வைத்திருந்தார். பெயர் வைக்கிறோம் என்றாலே அதற்கு இன்னொரு பிரதி இல்லை என்றுதானே அர்த்தம்.

இதைப் பொற்காலமாகக் கட்டமைக்க எனக்கு உத்தேசமில்லை. அந்தக் கைகள் பெரும்பாலும் கனவான்களின் விளையாட்டுக்குத்தான் உழைத்தன. அந்தக் கடைக்கு நேரில் போய் நின்றவருக்குத்தான் அவர் கைக்கேற்ற மட்டை கிடைத்தது. ஆனாலும் அறிவு யாரிடம் இருந்தது என்று கேட்டால், பட்டறையில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

3

1920களில் பாஸ்டன் வட்டாரத்து மட்டைத் தொழிலாளர் ராபர்ட் ஆடம்ஸ் 'லோரித்மிக்' என்ற தராசை உருவாக்கினார். 14 அங்குலம் என்பதைத் தீர்மானித்தவர் அவர்தான். அது எந்த இயற்கை விதியிலிருந்தும் பெறப்பட்டதல்ல. நல்ல ஆட்டக்காரர்கள் தங்களுக்குப் பிடித்தமானவை என்று வைத்திருந்த மட்டைகளை அளந்து அளந்து, எந்தப் புள்ளியில் முனையை வைத்தால் அவை ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுகின்றன என்று பார்த்துக் கண்டடைந்தது. அதாவது எண் பிறந்ததே கையிலிருந்துதான். பிறகு கான்சஸ் சிட்டி பகுதியில் கெனத் ஸ்மித் 12 அங்குலத்தில் முனை வைத்த வேறொரு தராசைக் கொண்டுவந்தார். தராசு மாறினால் ஒரே மட்டையின் அளவும் மாறிவிடும்.

பாபி ஜோன்ஸ் பற்றி கோல்ஃப் உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்றுண்டு. 1930இல் அவ்வாண்டின் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றுவிட்டு அவர் ஓய்வுபெற்றார். வெறும் கை உணர்வால் பல வருஷங்களாகச் சேர்த்த அவருடைய ஹிக்கரி மட்டைகளைப் பிற்பாடு கருவிகொண்டு அளந்தபோது, ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தனவாம். பொருந்தாத அந்த ஒன்று, மாஷி நிப்ளிக். அதை வைத்துத் தன்னால் ஒருநாளும் சரியாக ஆட முடிந்ததில்லை என்று ஜோன்ஸ் முன்பே சொல்லிவந்தார் என்பதோடு கதை முடிகிறது.

மெருகேற்றப்பட்ட கதையாகவும் இருக்கலாம். ஆனால் அது சொல்லப்படும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கருவியின் மகத்துவத்துக்குச் சாட்சியாகத்தான் அதைச் சொல்கிறார்கள்: பார்த்தீர்களா, தராசு எவ்வளவு சரியாகப் பிடித்துவிட்டது! எனக்கு அது நேர்மாறாகக் கேட்கிறது. தராசு இல்லாமலே கை அத்தனையையும் பொருத்திவிட்டது. பிசகியதையும் முதலில் கண்டுபிடித்தது கைதான். தராசு கடைசியில் வந்து முத்திரை குத்தியது. இப்படி வரிசையைப் புரட்டிப்போடுவதன் மூலம் அனுபவ அறிவு தன்னை நிரூபிக்க வேண்டிய குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறது, எண் நீதிபதியாகிவிடுகிறது.

தராசின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 14ஆவது அங்குலத்தில் அரைக் கிலோ ஈயத்தைச் சுற்றினாலும் தராசு அசையாது, ஏனெனில் அதுதான் தாங்குமுனை. மட்டையைத் தூக்கவே முடியாது, அப்போதும் டி-2 என்றே காட்டும். ஆடுகிற எவரும் அந்தப் புள்ளியை மையமாக வைத்து வீசுவதுமில்லை. மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து சுழல்கிற வீச்சு அது. இதனால்தான் பின்னாளில் தண்டின் அதிர்வெண்ணை அளந்து பொருத்துவது, வீச்சுக்கு மட்டை காட்டும் சுழற்சித் தடையையே அளந்து பொருத்துவது என்று புதுப்புது முறைகள் வந்தன. அப்படி வந்தும் பழைய எழுத்தும் எண்ணும்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. உற்பத்திக்கு அவ்வளவு வசதி.

4

உற்பத்தி என்றவுடன் ஒருவரைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை வேலையை வினாடி வினாடியாக வெட்டி அளந்த ஃபிரடெரிக் டெய்லர் (அவருடைய 'அறிவியல் நிர்வாகத்தின் கோட்பாடுகள்' 1911இல் வந்தது) ஒரு கோல்ஃப் வெறியர். இரண்டு கைப்பிடிகள் கொண்ட பந்துருட்டும் மட்டை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியவர், புல்தரை அமைப்பதைக்கூட பரிசோதனையாகச் செய்தவர். ஆடம்ஸின் தராசை டெய்லர் உண்டாக்கவில்லை, 1915இலேயே இறந்துவிட்டார். ஆனால் தொழிலாளியின் கையிலுள்ள அறிவைப் பிரித்தெடுத்து நிர்வாகத்தின் அட்டவணைக்கு மாற்றுவது என்ற டெய்லரியக் காரியம்தான் இங்கும் நடந்தது. ஹாரி பிரேவர்மேன் 1974இல் விளக்கியதும் இதைத்தான்: திட்டமிடுவது ஒருபக்கம், செய்வது இன்னொருபக்கம் என்று உழைப்பு பிளக்கப்படுகிறது.

எஃகுத் தண்டு வந்ததும் காரியம் சுலபமாயிற்று. அமெரிக்காவில் 1924இலும் பிரிட்டனில் 1929இலும் அது அனுமதிக்கப்பட்டது. 1931இல் பில்லி பர்க் எஃகுத் தண்டோடு அமெரிக்க ஓப்பனை வென்றார். ஹிக்கரியைப்போல் எஃகு ஒன்றுக்கொன்று முரண்டுபிடிப்பதில்லை. இரும்புத்தலை மட்டைகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தண்டு அரை அங்குலம் குறையும், தலை ஏறக்குறைய 7 கிராம் கூடும், வீச்சுக்கனம் மாறாது. இந்தச் சூத்திரம் கையில் கிடைத்துவிட்டால் பட்டறைக்காரர் எதற்கு? மாஷியும் நிப்ளிக்கும் போய் 5, 8, 9 வந்தன. ஓய்வுபெற்ற ஜோன்ஸின் பெயரிலேயே ஸ்பால்டிங் கம்பெனி எஃகுத் தண்டோடு பொருத்தப்பட்ட செட்டுகளை 1930களில் விற்றது. ஹிக்கரியால் எல்லாவற்றையும் வென்றவரின் கை உணர்வு, எஃகாக மாறி அட்டைப்பெட்டியில் வந்தது. செட் வந்ததும் பையும் வீங்கியது. இருபதுக்கு மேல் மட்டைகளோடு வந்தவர்கள் உண்டு. அமெரிக்கா 1938இலும் பிரிட்டன் 1939இலும் 14 மட்டைகள்தான் என்று வரம்பு கட்டின.

எண்ணால் நன்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நல்ல பட்டறை இல்லாத ஊரில் இருப்பவரும் கடிதம் போட்டுத் தன் கைக்கேற்ற மட்டையை வரவழைக்க முடிந்தது. ஒடிந்த மட்டைக்குப் பதிலாக அதேபோல் இன்னொன்று கிடைத்தது. கைவினையின் ரகசியம் உடைபடுவதில் ஒரு ஜனநாயக அம்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கூடவே ஒரு சராசரி உடலும் உற்பத்தியாகிவிட்டது. ஆணுக்கு டி, பெண்ணுக்கு சி என்று அட்டவணை பேசத் தொடங்கியது. சிப்பாயின் உடலையும் துப்பாக்கியையும் ஒழுங்குமுறை எப்படி ஒன்றோடொன்று பூட்டுகிறது என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். விளையாட்டுக் கடையின் அட்டவணை அதே வேலையைச் சிரித்த முகத்தோடு செய்கிறது.

5

கொட்டகையில் அந்தப் பெரியவரிடம் கேட்டேன்: "உங்க மட்டையெல்லாம் என்ன எண்ணுண்ணே?" அவர் மூலையில் சாத்தியிருந்த ஒற்றை மட்டையைக் காட்டினார். "ஒண்ணுதான் இருக்கு. எதுகூட வச்சுப் பொருத்தம் பாக்குறது?"

பொருத்தம் என்ற பிரச்சினையே செட் வைத்திருப்பவனுடைய பிரச்சினை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒற்றை மட்டைக்காரன் மட்டையைத் தனக்குப் பொருத்த முடியாது. தன்னைத்தான் மட்டைக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். கேடிகளின் வரலாறு முழுக்க இதுதான். ஸ்பெயினின் கடலோரக் கிராமத்தில் கேடியாக வளர்ந்த செவி பாயஸ்டெரோஸ், ஒரே ஒரு 3ஆம் எண் இரும்பை வைத்துக்கொண்டு எல்லா அடிகளையும் மணலில் கற்றார். 1979இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார்.

அவருக்காவது கதவு திறந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாப்வா செவ்கோலம் இருந்தார். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் வழிவந்த கேடி. பள்ளிப் படிப்பு இல்லை. வலக்கை ஆட்டக்காரர் எல்லாரும் இடக்கையை மேலே வைத்துப் பிடிக்க, இவர் வலக்கையை மேலே வைத்துப் பிடித்தார். எந்த அட்டவணையும் எதிர்பார்க்காத பிடி. அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 ஆண்டுகளில் டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் வெள்ளையர்களோடு ஆடி நேட்டால் ஓப்பனை வென்றபோது, கோப்பையை வெளியே மழையில் நின்றுதான் வாங்க முடிந்தது. உள்ளே போக நிறவெறிச் சட்டம் விடவில்லை. 1965இல் கேரி பிளேயரையே முந்தி அதை மறுபடியும் வென்றார். அதன்பின் அரசு அவரைப் போட்டிகளிலிருந்தே விலக்கிவைத்தது. 1978இல் இறந்தார்.

அமெரிக்காவின் கதை வேறல்ல. கேடியாகத் தொடங்கிய கறுப்பின இளைஞர் ஜான் ஷிப்பன் 1896 அமெரிக்க ஓப்பனில் ஆட முன்வந்தபோது, மற்ற ஆட்டக்காரர்கள் விலகிக்கொள்வோம் என்று மிரட்டினார்கள். சங்கத் தலைவர் மசியவில்லை, ஷிப்பன் ஆடினார். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் 1934 முதல் 1961 வரை, வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் என்ற விதியை எழுத்திலேயே வைத்திருந்தது. கை உணர்வின் உச்சம் என்று கொண்டாடப்படும் ஜோன்ஸ் நிறுவியவர்களில் ஒருவராக இருந்த அகஸ்டா மைதானத்தில், 1982 வரை மாஸ்டர்ஸ் ஆட்டக்காரர்கள் அங்குள்ள கறுப்பினக் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கறுப்பினத்தவர் ஒருவர் அங்கே உறுப்பினரானது 1990இல். எந்த மட்டையை எடுப்பது, காற்று எப்படி, புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கைக்குரியவர் மட்டும் உள்ளே வரக்கூடாது.

பட்டறைக்காரரின் கையிலிருந்த அறிவு எண்ணாகித் தொழிற்சாலைக்குப் போனது. கேடியின் தோளிலும் காலிலும் இருந்த அறிவு எண்ணாகக்கூட ஆகவில்லை, அறிவு என்ற பெயரே அதற்குக் கிடைக்கவில்லை. அளவை என்பது நமக்கு எதிரியல்ல. அளக்கத் தெரியாதவர்களாக நாம் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் ஒவ்வோர் அளவையிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தாங்குமுனையை அங்கே வைத்தவர் யார், யாருடைய கையை வைத்து? கோல்ஃபுக்கு மட்டுமான கேள்வியல்ல இது. தையல் மெஷினின் உயரத்துக்கும், பீடிக்கட்டின் கணக்குக்கும், தேயிலைக் கூடையின் எடைக்கும் இதே கேள்விதான்.

பெரியவர் அந்த ஒற்றை மட்டையை என்னிடம் கொடுத்து வீசச் சொன்னார். எனக்கு அது கொஞ்சமும் பிடிபடவில்லை. கைப்பிடியில் அவருடைய விரல்கள் பதிந்து தேய்ந்த பள்ளம் இருந்தது. என் விரல்கள் அதில் உட்காரவில்லை. என்ன எண் என்று பார்க்க அதைத் தராசில் வைக்கலாமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.