சிந்து எழுத்துத் தரவுக்கு எத்தனை படிகள் வேண்டும்?

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு தரப்படும் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பரிசுக்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வந்து சேரும் வாசிப்புகளை எந்தத் தரவின்மேல் வைத்துச் சோதிப்பது?

ஐராவதம் மகாதேவனின் சிந்து எழுத்துத் தொடரடைவு 1977-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. 2,906 பொருள்களில் உள்ள 3,573 வரிகளைத் திரட்டி, 417 குறிகளை அது பிரித்துக் காட்டியது. அஸ்கோ பர்ப்போலா 1994-இல் தந்த பட்டியலில் 386 குறிகள். பிரையன் வெல்ஸின் பட்டியல் அறுநூற்றைத் தாண்டுகிறது. கோடு ஒன்று கூடிய மீன் குறி தனிக் குறியா, வடிவ வேறுபாடா என்று முடிவுசெய்யும்போதே ஆய்வாளரின் கொள்கை தரவுக்குள் புகுந்துவிடுகிறது. எண்ணிக்கை மாறினால் புள்ளியியல் முடிவும் மாறும். 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் ராஜேஷ் ராவும், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரணஜாய் அதிகாரியும், மகாதேவன் உள்ளிட்ட பிறரும் வெளியிட்ட, குறி வரிசையின் ஒழுங்கை அளக்கும் என்ட்ரோபி ஆய்வு, அத்தொடரடைவிலிருந்து வடிகட்டிய 1,548 வரிகளையே அடிப்படையாகக் கொண்டது. ரிச்சர்ட் ஸ்புரோட் அதன் முறையை மறுத்தார். இத்தகைய விவாதம் பயன்பட வேண்டுமானால் இரு தரப்பும் ஒரே கோப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஒரே கோப்பைப் பல கணினிகளில் பரப்பி வைக்கும் பரவல் முறைக் கருவிகளின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. ஐபிஎஃப்எஸ் போன்றவற்றில், கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்பது பொருட்டல்ல. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் மதிப்பே அதன் முகவரி. ஒரு குறி எண்ணைத் திருத்தினாலும் முகவரி மாறிவிடும். அந்த முகவரியைக் குறிப்பிட்டுவிட்டால், எந்தப் பதிப்பை வைத்து ஆய்ந்தார் என்பதை ஆய்வாளர் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது. படி ஹெல்சிங்கியிலிருந்து வந்தாலும் மதுரையிலிருந்து வந்தாலும் சரிபார்க்கலாம்.

ஆனால் கருவி தானாக எதையும் காப்பாற்றாது. வைத்திருப்பவர் எவருமில்லாத டோரண்ட் செத்துப்போகிறது. ஐபிஎஃப்எஸ் கோப்புக்கும் அதே கதிதான். பல படிகள் வைத்து மின்னிதழ்களைக் காக்க ஸ்டான்ஃபோர்டில் 1999-இல் தொடங்கிய லாக்ஸ் திட்டம் நிலைத்ததற்குக் காரணம், படிகளைக் காக்கும் பொறுப்பை நூலகங்கள் ஏற்றுக்கொண்டதே. சென்னையில் இப்பொறுப்பை ஏற்க முதல் தகுதி, 2007 முதல் சிந்துவெளி ஆய்வு மையத்தை நடத்தும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு உண்டு. அடுத்திருக்கும் கணித அறிவியல் நிறுவனம் இரண்டாவது படியை வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் இரண்டும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதை நேரில் கண்ட நகரத்துக்கு படிகள் ஒரே வட்டாரத்தில் இருப்பதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது படி வேறு ஊரிலும், நான்காவது வேறு நாட்டிலும் இருந்தாக வேண்டும்.

முத்திரைப் படங்களின் உரிமை இந்திய, பாகிஸ்தான் அருங்காட்சியகங்களிடம் இருக்கிறது. எந்தத் தொழில்நுட்பமும் அந்த அனுமதிக்கு மாற்றாகாது. குறிப் பட்டியலையும் வரிகளின் எண் வடிவத்தையும் பகிர்வது அதைவிட எளிது. க. ராஜனும் ர. சிவானந்தமும் தொகுத்த தமிழகப் பானையோட்டுக் கீறல்களின் தரவையும், சிந்துக் குறிகளோடு ஒப்பிடுவதற்காக, அதனுடன் சேர்க்க வேண்டும். பரிசுக்கு வரும் ஒவ்வொரு வாசிப்பும் தான் பயன்படுத்திய கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும் என்று அரசு விதி வகுக்கட்டும்.