இடித்துரைப்போரும் ஆட்சியும்

திருகோணமலைத் துறைமுகத்தை நாடி வரும் பெருங்கப்பல் உட்துறையினுள் நுழையுமுன் ஒரு சிறு படகு அதனை எதிர்கொண்டு செல்லும். அப்படகிலிருந்து ஒருவர் ஏணி வழியே கப்பலில் ஏறுவார். அவர் அத்துறையின் ஆழத்தையும் நீரோட்டத்தையும் மறைந்துள்ள பாறைகளையும் அறிந்தவர். துறைமுகத்தார் அவரைப் பைலட் என்று அழைப்பர். கப்பலின் தலைமை அவருடையதன்று. ஆணையிடும் உரிமையும் அதன் பொறுப்பும் கப்பற்றலைவருக்கே உரியன. ஆயினும் பைலட் சொல்வதைச் செவிமடுக்காமல் எவரும் கப்பலைச் செலுத்துவதில்லை. அவரும் தலைவரின் முகக்குறிப்பைப் பார்த்து அவருக்கு இனியதைச் சொல்வதில்லை. பாறை உள்ள இடத்திற் பாறை உண்டு என்றே சொல்வார்.

நாடும் ஒரு கப்பல் போன்றதே. ஆள்வோர் மக்களால் தெரிந்தெடுக்கப்பட்டவர். முடிவு செய்ய வேண்டியவர் அவரே. ஆனால், நாட்டின் வருவாய் எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்தச் செலவை எத்தனை காலம் தாங்கலாம் என்பவற்றை அச்சமின்றி எடுத்துரைப்போர் அவர் அருகே இருத்தல் வேண்டும். திருவள்ளுவர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், கெடுப்பதற்குப் பகைவர் இல்லாவிடினும் தானே கெடுவான் என்பது அவர் கருத்து. இலங்கையின் பொருளாதார வரலாறு இவ்வுண்மைக்கு நீண்டதோர் உரையாக அமைந்துள்ளது. அவ்வரலாற்றின் திருப்பங்கள் பலவற்றைத் திருகோணமலைக் கரையில் நின்று நோக்கினால் தெளிவாகக் காணலாம்.

பிரித்தானியர் 1795 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். அதன்பின் இலங்கை அரசாங்கத்தின் செலவு வரவை விஞ்சிக்கொண்டே சென்றது. நிலைமையை ஆராயும்படி இலண்டன் அரசாங்கம் கோல்புறூக் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை அனுப்பியது. அவர் 1829 இல் இலங்கைக்கு வந்தார். கமரன் பின்னர் வந்து சேர்ந்துகொண்டார். மக்களைக் கூலியின்றி வேலைவாங்கிய இராசகாரிய முறை ஒழிய வேண்டும் என்றும், கறுவா வாணிபத்தில் அரசு கொண்டிருந்த தனியுரிமை நீங்க வேண்டும் என்றும் அவ்வாணைக்குழு கூறியது. இராசகாரிய உழைப்பைக் கொண்டே பெருந்தெருக்களை அமைத்த தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் இதனை விரும்பவில்லை. ஆயினும் 1832 இல் இராசகாரியம் ஒழிந்தது. அடுத்த ஆண்டிற் கறுவாத் தனியுரிமையும் முடிவுற்றது. தேசாதிபதிக்குக் கீழ்ப்படாத ஒருவர் வந்து ஆராய்ந்தமையாலேயே அவர் விரும்பாத உண்மை வெளிப்பட்டது. எனினும், அந்த ஆலோசனை பேரரசின் செலவைக் குறைக்கும் நோக்குடன் கேட்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. ஆலோசனையை மதிப்பிடும்போது அதனைச் சொன்னவர் யார் என்பதோடு, அது யாருடைய நலனுக்காகக் கேட்கப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும்.

திருகோணமலையின் விதியை இலண்டனும் கொழும்பும் தீர்மானித்தமைக்கு இதுவே காரணம். இயற்கை அளித்த பெருந்துறைமுகம் கிழக்கில் இருக்க, 1875 இற் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பெருந்தோட்டப் பயிர்கள் விளையும் மலைநாட்டுக்கு அண்மையிலும், சுயெஸ் கால்வாய் வழியே செல்லும் கப்பல்களின் பாதையிலும் கொழும்பு இருந்தது. வாணிபம் கொழும்பை அடைந்தது. திருகோணமலைக்குப் போர்க்கப்பல்களே எஞ்சின. சீனன்குடாவின் அருகே காட்டிடையே பிரித்தானியர் கட்டிய ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகளும் கடற்படைக்காகவே எழுந்தன.

பணத்துறையில் நிலைமை வேறாக இருந்தது. கோப்பிப் பயிரை நோய் அழித்தபின், 1884 இல் ஓரியன்டல் வங்கி வீழ்ந்தது. அவ்வங்கியின் நாணயத்தாள்களை வைத்திருந்த மக்கள் கலங்கினர். அதன் விளைவாக அரசே நாணயத்தாள் வெளியிடும் முறை ஏற்பட்டது. அம்முறையில் வெளிநாட்டுச் சொத்து எவ்வளவோ அவ்வளவே உள்நாட்டில் நாணயம். அங்கே கணக்கே ஆட்சி செய்தது. தெரிவு செய்ய எதுவும் இல்லாத இடத்தில் ஆலோசகருக்கும் வேலையில்லை. சுதந்திரம் வந்தபோது தெரிவும் வந்தது. அத்துடன் தவறு செய்யும் உரிமையும் வந்தது.

முதல் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா அமெரிக்க மத்திய வங்கி அமைப்பிலிருந்து ஜோன் எக்ஸ்டர் என்பவரை அழைத்தார். அவருடைய அறிக்கையின்படி 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் இயற்றப்பட்டு, 1950 ஓகஸ்ட் 28 ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. எக்ஸ்டரே அதன் முதல் ஆளுநரானார். இச்சட்டத்தில் ஆலோசனைக்கு இரண்டு வாயில்கள் வைக்கப்பட்டன. ஆண்டறிக்கை மக்கள் யாவரும் காண வெளியிடப்படும். செப்டெம்பர் 15 ஆம் நாளுக்குள் கொடுக்கப்படும் மற்றோர் அறிக்கை, வரவு செலவுத் திட்டத்தை ஆக்குமுன் நிதியமைச்சரின் கைக்குச் செல்லும். ஒன்று ஊர் அறியச் சொல்வது. மற்றது காதோடு சொல்வது. ஆனால் அவ்வங்கியை நடத்திய நாணயச் சபையில் திறைசேரிச் செயலாளருக்கும் ஓர் ஆசனம் இருந்தது. செலவு செய்வோரின் பிரதிநிதியே கணக்குப் பார்ப்போரின் சபையிலும் அமர்ந்திருந்தார். இச்சிறு விரிசலின் விளைவு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே முழுமையாகத் தெரியலாயிற்று.

அறிவுரைக்கும் அரசியலுக்கும் இடையிலான முதற் பெரும் மோதல் அரிசியின் வடிவில் வந்தது. கொரிய யுத்தக் காலத்தில் இறப்பர் விலை உயர்ந்து, பின்னர் சரிந்தது. இறக்குமதி அரிசியின் விலையோ உயர்ந்தது. ஒரு கொத்து அரிசியை 25 சதத்துக்குக் கொடுக்கும் மானியத்தை நாட்டின் கையிருப்புத் தாங்காது என்பதைக் கணக்கு அறிந்தோர் உணர்ந்தனர். ஆயினும் 1952 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மக்களுக்கு அவ்வுண்மை எடுத்துச் சொல்லப்படவில்லை. மலிவு அரிசியின் வாக்குறுதியே ஒலித்தது. மறு ஆண்டு யூலை மாதத்தில் விலை 25 சதத்திலிருந்து ஒரே தாவலில் 70 சதமாயிற்று. 1953 ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் பலியாயின. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பின்னர் அரிசி விலையும் ஓரளவு குறைக்கப்பட்டது. 1962 இல் அரிசிப் பங்கீட்டைக் குறைக்க முயன்ற நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவும் பதவி விலக நேர்ந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கணக்குப் பிழைத்தது என்று கூறல் இயலாது. மக்களை நம்பி உரிய காலத்தில் உண்மையைச் சொல்லாமையே பிழை. அமைச்சரின் காதோடு நின்றுவிட்ட அறிவுரை அரைகுறை அறிவுரையே.

இக்காலத்தில் திருகோணமலையில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கத்திடம் பிரித்தானியர் 1957 ஒக்டோபர் 15 ஆம் நாள் கடற்படைத்தளத்தை ஒப்படைத்தனர். நாட்டுக்கு அது பெருமை மிக்க நாள். ஆனால் அத்தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளருக்கும் கடைகாரருக்கும் சலவைத் தொழிலாளருக்கும் அது கவலையையும் கொண்டுவந்தது. கொடி மாறிய பின் துறைமுகத்தின் வேலை என்ன என்ற கேள்வி எழுந்தது. நாடு முழுமைக்கும் அதே கேள்விதான்: அரசியற் சுதந்திரம் கிடைத்தபின் பொருளாதாரம் எவ்வழியிற் செல்வது?

இக்கேள்விக்கு விடை தேடத் தேசியத் திட்டச் சபை அமைந்தது. அதன் செயலகத்திற் கலாநிதி காமினி கொறயா முதன்மையான பங்கு வகித்தார். உலகப் புகழ்பெற்ற பொருளியலறிஞர்கள் கொழும்புக்கு அழைக்கப்பட்டனர். இங்கிலாந்திலிருந்து ஜோன் றொபின்சன், நிக்கலஸ் கால்டோர், ஜே. ஆர். ஹிக்ஸ் ஆகியோரும், சுவீடனிலிருந்து குன்னார் மிர்டாலும், போலந்திலிருந்து ஒஸ்கார் லாங்கேயும், அமெரிக்காவிலிருந்து கல்பிரெய்த்தும் வந்தனர். இவர்கள் ஒரே கட்சியினரோ ஒரே கொள்கையினரோ அல்லர். சோசலிச நாட்டவரும் முதலாளித்துவ நாட்டவரும் ஒரே மேசையில் தம் கருத்தை எழுதினர்; அக்கட்டுரைகள் 1959 இல் நூலாகவும் வெளியிடப்பட்டன. மாறுபடும் ஆலோசனைகளை மறைக்காது அச்சிட்டமை அக்காலத்து ஆட்சிக்கு அழகு சேர்ப்பதாகும். விளைச்சலைப் பெருக்குமுன் அதன் பயனை நுகர்கின்ற நாடு நீடித்து நிற்க இயலாது என்பது றொபின்சன் அம்மையார் விடுத்த எச்சரிக்கை.

ஆனால் அறிஞர் சொல் எல்லாம் அப்படியே செயற்படுவதில்லை. வருமானத்துக்கு மட்டுமன்றிச் செலவுக்கும் வரி விதிக்கலாம் என்பது கால்டோரின் யோசனை. இந்தியாவைப் போல இலங்கையும் அதனை ஏற்றுச் செலவு வரியைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. ஏட்டில் நேர்த்தியாக இருந்த வரியை அறவிடப் போதிய கணக்காளரும் பதிவேடுகளும் இல்லை. சுதந்திரமான ஆலோசகருக்கும் இந்த மண்ணை அறிந்தவரின் துணை வேண்டும் என்பதை இது உணர்த்திற்று.

ஆண்டுகள் கடந்தன. திருகோணமலையிற் 'பிறீமா' மாவாலையும், பின்னர் சீமெந்துத் தொழிற்சாலையும் எழுந்தன. முப்பது ஆண்டு யுத்தம் பலவற்றை உருக்குலைத்தது. யுத்தம் 2009 இல் முடிந்தது. பத்து ஆண்டுகளின் பின்னர், 2019 டிசம்பரில், பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. அரசின் வருவாய் சரிந்தது. பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி பெருந்தொகைப் பணத்தை வெளியிட்டது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழும் என்று வேளாண்மைப் பொருளியலறிஞரும் மண்ணியல் அறிஞரும் எச்சரித்தனர். அவர் சொல் ஏறவில்லை. கந்தளாய், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா வயல்களில் உழவர் பசளையின்றித் தவித்தனர். நவம்பரிற் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது.

2022 ஏப்பிரல் முதல் வாரத்தில், முன்னாள் ஆளுநர் இந்திரஜித் குமாரசுவாமி உள்ளிட்ட மூவர் கொண்ட ஆலோசனைக் குழு நியமிக்கப்பட்டது. ஏப்பிரல் 12 ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. பாறையில் மோதும் தறுவாயிலேயே பைலட் அழைக்கப்பட்டார். செப்டெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 70 உயர்ந்திருந்தது. திருகோணமலை மீனவர் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றனர். அதே ஊரிற் காட்டிடையே நின்ற எண்ணெய்த் தாங்கிகளிற் பெரும்பாலானவை வெறுமையாகவே கிடந்தன. மே 9 இற் பதவி துறந்த பிரதமர் மகிந்த ராஜபக்ச, மக்கள் சினத்துக்கு அஞ்சித் திருகோணமலைக் கடற்படைத்தளத்துக்கே அழைத்துச் செல்லப்பட்டார். 1957 இல் விடுதலையின் சின்னமாக ஏற்ற தளம், அன்று புகலிடமாயிற்று. இப்பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பாயிருந்தோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது.

இப்பட்டறிவின் பயனாகப் புதிய சட்டங்கள் பிறந்தன. 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்தின்படி திறைசேரிச் செயலாளருக்கு ஆளும் சபையில் இடமில்லை. அரசின் பற்றாக்குறைக்கு வங்கி நேரே பணம் கொடுக்கும் வழியும் அடைக்கப்பட்டது. அதே ஆண்டில், வரவு செலவுக் கணக்கைப் பக்கச்சார்பின்றி ஆராய்ந்து உறுப்பினருக்கு எடுத்துரைக்கும் அலுவலகம் ஒன்றைப் பாராளுமன்றத்தில் அமைக்கவும் சட்டம் இயற்றப்பட்டது.

ஒரு வினா எழலாம்: மக்கள் தெரிந்தெடுக்காத அறிஞருக்கு இத்தனை சுதந்திரம் ஏன்? வினா நியாயமானதே. அறிஞர் ஆளவேண்டியவர் அல்லர். அரிசிக்கு மானியம் வேண்டுமா, பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டுமா என்பதை மக்களின் பிரதிநிதிகளே தீர்மானிக்க வேண்டும். ஆனால் அத்தீர்மானத்தின் விலையை மறைக்காமற் சொல்வதற்கு ஒருவர் வேண்டும். அவர் சொல்வதை அமைச்சர் மட்டுமன்றி, கந்தளாய் உழவரும் கொட்டியாரக் குடா மீனவரும் கேட்டு விளங்குதல் வேண்டும். ஏனெனில் கணக்குப் பிழைத்தால் முதலிற் பட்டினி கிடப்பவர் அவரே.

கப்பலின் தலைமையைப் பைலட்டிடம் கொடுக்க வேண்டியதில்லை. அவரைக் கரையிலே நிறுத்திவிட்டுத் துறைக்குள் நுழையாதிருந்தாற் போதும்.