தமிழ்த் திரையில் கௌபாய்: ஜெய்சங்கரும் கர்ணனும்

தமிழ் கௌபாய் படங்களின் முதன்மை நாயகன் ஜெய்சங்கர் (1938–2000). சங்கர் என்ற பெயரில் நாடக மேடையேறிய அவரை, ஜோசப் தளியத் 1965ஆம் ஆண்டு ‘இரவும் பகலும்’ படத்தில் ஜெய்சங்கராக அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டில் ‘பஞ்சவர்ணக்கிளி’, ‘குழந்தையும் தெய்வமும்’ வெளிவந்தன. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகிய துப்பறியும் படங்கள் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்ற பட்டத்தைத் தேடித் தந்தன. துப்பாக்கி அதற்குள் அவர் கைக்குப் பழகிவிட்டது. குதிரையும் தொப்பியும்தான் பாக்கி.

அமெரிக்காவில் கௌபாய் நடிகர்களை வளர்த்தது தொலைக்காட்சி. ‘கன்ஸ்மோக்’ தொடரில் ஜேம்ஸ் ஆர்னஸ் 1955 முதல் 1975 வரை ஒரே மார்ஷலாக நடித்தார். கிளின்ட் ஈஸ்ட்வுட் ‘ராஹைட்’ தொடரில் பெயர் பெற்ற பிறகே இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் படங்களுக்குப் போனார். சென்னையிலோ தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டில்தான் தொடங்கியது. சிற்றூர்களுக்கு அது எட்ட மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆகவே தமிழ் கௌபாய் முழுக்க முழுக்கக் கொட்டகையில் வளர்ந்தவன். வாரந்தோறும் வீடு தேடி வரும் தொடர் நாயகனுக்கு இங்கு ஓரளவு ஈடாக நின்றவர் ஜெய்சங்கரே. குறைந்த செலவில், விரைந்து முடியும் படங்களில் இடைவிடாமல் நடித்த அவரை ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்றே திரையுலகம் அழைத்தது.

அவருக்குக் குதிரையைக் கொடுத்தவர் எம். கர்ணன். இந்தப் பங்களிப்புக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை. கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘கற்பகம்’ (1963) போன்ற குடும்பக் கதைகளுக்கு ஒளிப்பதிவு செய்த கர்ணன், இயக்குநரானதும் கேமராவைப் பொட்டலுக்குக் கொண்டு போனார். ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) ஆகியவற்றில் ஜெய்சங்கர் நாயகன். தரையை ஒட்டி வைத்த கோணமும் குதிரைகளோடு ஓடும் கேமராவும் கர்ணனின் அடையாளங்கள். பெரிய முதலீடு தர முடியாத பிரமாண்டத்தை அவை திரையில் உண்டாக்கின. தொப்பியும் தோட்டா வாரும் வெளிநாட்டுச் சரக்கு. பழிவாங்கும் சபதமும் குடும்பப் பாசமும் உள்ளூர் மரபு. கம்பளத்தாரின் குலதெய்வமான ஜக்கம்மாவின் பெயரில் ஒரு கௌபாய் படம் வந்ததே இந்தக் கலப்புக்குத் தக்க சான்று.

தெலுங்கிலும் இதே காலத்தில் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ (1971) ராஜஸ்தான் மணல்வெளியில் படமானது. செலவில் அது கர்ணனின் படங்களைவிடப் பெரியது. ஆனால் ஒரே இயக்குநரும் ஒரே நாயகனும் ஐந்தாறு ஆண்டுகள் விடாமல் இந்த வகையில் உழைத்தது தமிழின் தனிச்சிறப்பு. திரைக்கு வெளியேயும், 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியதும் அயல்நாட்டுச் சாகசக் கதைகளுக்குத் தமிழ்ச் சிறுவர்களிடம் வாசகர் வட்டம் உருவானது.

எழுபதுகளின் இறுதியில் இந்த அலை ஓய்ந்தது. கர்ணனும் ஜெய்சங்கரும் 1980இல் ‘ஜம்பு’வில் மீண்டும் சேர்ந்தனர். அதே ஆண்டு ‘முரட்டுக்காளை’யில் ரஜினிகாந்துக்கு வில்லனாகி, ஜெய்சங்கர் குணச்சித்திர வேடங்களுக்கு நகர்ந்தார். 2000 ஜூன் 3 அன்று காலமானார். சிம்புதேவன் 2010இல் இயக்கிய ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ இந்த வகைக்குச் செலுத்திய நேரடி மரியாதை. லாரன்ஸ் நாயகனாக நடித்த அப்படத்தில் கதை நடக்கும் ஊருக்கு ஜெய்சங்கரின் பெயரே சூட்டப்பட்டிருந்தது.