சேலத்துச் சேர்மன் நாற்காலி: கட்சியற்ற தலைமையின் வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் இரு கட்டங்களாக நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், சேலம், நாமக்கல் மாவட்டக் கிராமங்களில் வாக்களித்தவர்கள் நான்கு நிற ஓட்டுச் சீட்டுகளைக் கையில் வாங்கினார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் உதயசூரியன், இரட்டை இலை போன்ற கட்சிச் சின்னங்கள் இருந்தன. வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத சின்னங்களே இருந்தன. ஒரே வாக்காளர் ஒரே நிமிடத்தில் பாதிக் கட்சிக்காரராகவும் பாதிக் கட்சியற்றவராகவும் நடந்துகொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. சேலம் மாநகராட்சி மேயருக்கோ நாமக்கல் நகரத் தலைமைக்கோ இந்த விதி கிடையாது. அங்கே எல்லாச் சீட்டும் கட்சிச் சீட்டுதான்.

இந்தப் பிரிவினையை விளக்க வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. உள்ளாட்சி ஒரு காலத்தில் கட்சியின்றித் தூய்மையாக இருந்தது. பிறகு கட்சிகள் நுழைந்து கெடுத்தன. கிராம மட்டத்திலாவது பழைய தூய்மையைக் காப்பாற்றவே இந்த விதி. இக்கதையை எதிர்க்கும் ஆய்வாளர்களில் வலுவானவர் டேவிட் வாஷ்புரூக். சென்னை மாகாண அரசியலை 1870 முதல் 1920 வரை ஆராய்ந்து 1976இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அவருடைய நூலில் அந்தத் தூய்மைக்கு இடமே இல்லை. இக்கட்டுரை அவரோடு ஒரு பாதி உடன்பட்டு, மறுபாதியை மறுக்கிறது.

அவருடைய வாதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். மாகாணத்தின் வறண்ட நிலப்பகுதிகளில் கடன், தானியம், கிணறு, கிராம அதிகாரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருந்த உள்ளூர்ப் பெரிய மனிதர்களே உண்மையான அரசியல் சக்தி. நகரங்களில் அந்த இடத்தை வணிகரும் நிலக்கிழாரும் நிரப்பினர். நகரசபை அவர்களுக்குக் கிடைத்த ஒரு பண்டம்: வரி விதிப்பு, குத்தகை, ஒப்பந்தம், வேலை நியமனம். மேடையில் பேசிய வக்கீல்கள் அப்பெரிய மனிதர்களின் வாய்கள். கொள்கை, சாதி, தேசம் என்ற சொற்களெல்லாம் மாகாண அரசின் அமைப்பு மாறியதால் மேலிருந்து கீழே இறங்கியவை. ஆகவே 1920க்கு முந்தைய நகரசபையில் கட்சி இல்லாததற்குக் காரணம் தூய்மை அல்ல. கோஷ்டி மட்டும் போதுமானதாக இருந்தது.

சேலம் சமவெளியைத் தெரிந்தவர்கள் இதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். மிட்டா என்ற நிலவரி எஸ்டேட்டுகளை வைத்திருந்த மிட்டாதார்களின் நாடு இது. திருச்செங்கோடு, நாமக்கல், இராசிபுரம் பக்கங்களில் ஒரு மிட்டாதாரின் சொல்லுக்கு இருந்த எடை, ஒரு தாசில்தாரின் உத்தரவுக்கு இருந்ததில்லை. நகரத்திலும் செவ்வாய்ப்பேட்டை மண்டி வணிகரின் பணம் பேசியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாகாண அரசின் அமைப்பே எல்லாவற்றையும் வடிவமைத்தது என்று வாஷ்புரூக் சொல்லும் மேல்பாதி மிகச் சரி. கீழ்ப்பாதியில்தான் சிக்கல். சேர்மன் நாற்காலி வெறும் பண்டம் என்றால், அதில் உட்கார்ந்தவர்கள் தமக்கு எந்த லாபமும் தராத, ஆதரவாளரையே பகைக்க வைக்கும் செயல்களைச் செய்திருக்கக் கூடாது. சேலத்தில் செய்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு வழக்கு. இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசையில் ஏழாம் தொகுதி, 466ஆம் பக்கம், ஆண்டு 1884. வழக்கின் பெயர் ‘விஜய ராகவா எதிர் இந்திய அமைச்சர்’. பெயர் இந்த வடிவில் இருப்பதால், சேலம் வக்கீல் விஜயராகவாச்சாரியாரைத் தேடிப் போகிறவர் கண்ணில் இது எளிதில் படாது. ஆச்சாரியார் என்ற பின்னொட்டு தலைப்பில் இல்லை. ராகவா என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலும் பிற்காலத்தில் வழங்கியதல்ல. சட்ட மாணவர்கள் இவ்வழக்கை அரசின் பொறுப்பு பற்றிய முன்னுதாரணமாகப் படிக்கிறார்கள். வரலாற்று மாணவர்கள் சேலம் கலவரக் கதையில் நின்றுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே மனிதரின் கதை.

நடந்தது இது. 1882இல் விஜயராகவாச்சாரியார் சேலம் நகரசபை உறுப்பினரானார். அவ்வாண்டு மே 18இல்தான் ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம் வெளிவந்தது. ஆகஸ்டில் சேலத்தில் மதக் கலவரம் மூண்டது. அதைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனை பெற்ற அவர், மேல்முறையீட்டில் விடுதலையானார். நாடறிந்த பகுதி இது. இதனிடையே அவரை நகரசபையிலிருந்து அரசு நீக்கியது. விடுதலை பெற்ற மனிதர் அதோடு நிற்கவில்லை. பதவி நீக்கத்தை எதிர்த்து இந்திய அமைச்சர் மீதே வழக்குத் தொடுத்தார். நீக்கம் சட்டப்படி நடந்ததா என்று ஆராயும் அதிகாரம் தனக்கு உண்டு என்று உயர் நீதிமன்றம் கொண்டது.

அன்றைய நகரசபை 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கியது. கலெக்டர் தம் பதவியின் பேரிலேயே அதற்குத் தலைவர். உறுப்பினரை வைப்பதும் எடுப்பதும் அரசின் கை. அப்படிப்பட்ட சபையில் ஓர் இளம் வக்கீலின் உறுப்பினர் பதவியால் கிடைக்கக்கூடிய ஆதாயம் என்ன? ஒரு தெருவிளக்கு ஒப்பந்தத்தைக்கூடத் தன்னிச்சையாகக் கொடுக்க முடியாத இடம் அது. அதற்காக ஒரு மனிதர் சாம்ராஜ்யத்தின் அமைச்சரோடு வழக்காடினார் என்றால், கோஷ்டி லாபம் என்ற விளக்கம் அங்கே செயலற்றுப்போகிறது. அவருக்குப் பின்னால் பணம் கொடுத்த பெரிய மனிதர் யாரேனும் இருந்திருக்கலாம். இருந்தாலும், அந்த மனிதர் எதை வாங்கப் பணம் கொடுத்தார் என்ற கேள்வி எஞ்சுகிறது. என் பதில்: அரசால் எடுக்க முடியாத இருக்கை ஒன்றை. சேலம் நகரசபையில் அன்று இருந்த ஒரே கட்சி சர்க்கார் கட்சி. அதற்கு வெளியே நிற்பது ஓர் அரசியல் நிலைப்பாடு. கட்சியற்ற உறுப்பினர் என்ற கருத்து இவ்வூரில் அப்படித்தான் பிறந்தது என்று கருதுகிறேன்.

இரண்டாவது சான்று இதைவிட மெலிந்தது. அதனால்தான் அதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1900 முதல் சேலத்தில் வக்கீல் தொழில் செய்த இராஜாஜி 1911இல் நகரசபை உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவர். அக்காலத்தில் சேலம் நகரசபைக்கு முதல் தலித் உறுப்பினர் வந்ததில் அவருடைய பங்கு பதிவாகியிருக்கிறது. அக்ரகாரத்துக்குப் போகும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் வேலைக்கு ஒரு தலித்தை நியமித்து, எழுந்த எதிர்ப்புக்கு வளையாமல் நின்றார் என்பதையும் அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. எழுதியவர் பேரன் ராஜ்மோகன் காந்தி. குடும்பத்தார் எழுதியது என்று ஒதுக்குவோர் உண்டு. நகரசபைத் தீர்மானப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் முழு உறுதி சொல்லக் கூடாது என்பதும் நியாயம்தான். ஆயினும் நிகழ்ச்சியின் உள்ளமைப்பைப் பாருங்கள். குழாய் திறப்பவர் நியமனம் ஒரு சிறு வேலைவாய்ப்பு. வாஷ்புரூக் சொல்லும் பண்டங்களில் கடைசிப் படி. அதை ஒரு சேர்மன் தம் சொந்தத் தெருக்காரர்களுக்குப் பிடிக்காத விதத்தில் கொடுக்கிறார். ஆதரவு திரட்டும் கணக்கில் இது முழு நட்டம். சேலத்தில் அன்று தலித் வாக்கு என்று எண்ணத்தக்க ஒன்று நகரசபைத் தேர்தலில் இல்லை. வாக்குரிமை வரி கட்டியவரோடு நின்றது. லாபம் எங்கிருந்தும் வரவில்லை. கொள்கை மேலிருந்து இறங்கியது என்பாருக்கு இன்னொரு தடையும் உண்டு: மாகாணக் காங்கிரஸ் தீண்டாமையைத் தன் முதன்மை வேலையாக எடுத்துக்கொண்டது இதற்குப் பிறகுதான்.

வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழ் சேலத்தில் தோன்றியதையும் சேர்த்து எண்ணினால், முனிசிபாலிட்டி பற்றிப் படித்துப் பேசும் ஒரு பொதுமக்கள் கூட்டம் இவ்வூரில் உருவாகிவந்தது புலனாகும். வக்கீல்கள் பேசியது வெறும் இரவல் குரல் என்ற முடிவுக்கு வர நான் தயாராக இல்லை.

பிறகு நாற்காலி எப்போது கட்சியின் நாற்காலி ஆயிற்று? ஓர் ஆண்டைச் சுட்டிக் காட்டுவது பொருத்தமில்லை. 1920ஆம் ஆண்டுச் சட்டம் தலைவரைச் சபையே தேர்ந்தெடுக்க வழிசெய்தது. ஆனால் நியமன உறுப்பினர் முறையை ஒழிக்கவில்லை. அந்த நியமனங்களைக் கொண்டே நீதிக் கட்சி அமைச்சர்கள் மாவட்டங்களில் ஆள் சேர்த்ததை வரலாற்றாய்வாளர் கிறிஸ்டோபர் பேக்கர் விரிவாகக் காட்டியிருக்கிறார். 1930ஆம் ஆண்டுத் திருத்தம் நியமனத்தை நீக்கியது. அப்போது முதன்மை அமைச்சர் ப. சுப்பராயன், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார். 1926 தேர்தலில் அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி பதவியேற்க மறுத்ததால், சுயேச்சைகளைக் கூட்டி அமைச்சரவை அமைத்தவர். நாமக்கல் சமவெளி மாகாணத்துக்குக் கொடுத்த முதல் ஆட்சித் தலைவர் ‘கட்சி சார்பற்றவர்’ என்ற பெயரில் ஆண்டார் என்பதை இங்கே நினைக்க வேண்டும். அவருக்கு ஆதரவாக நின்றது கவர்னர் மாளிகை. 1937இல் அதே சுப்பராயன் இராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவையில் இருந்தார். 1930களின் நடுவில் காங்கிரஸ் உள்ளாட்சித் தேர்தல்களில் தன் பெயரிலேயே இறங்கியபோது, மாகாணம் முழுவதும் நேற்றைய சுயேச்சைகள் கதர் உடுத்தினர். இந்தக் கட்டத்துக்கு வாஷ்புரூக், பேக்கர் இருவரின் கோஷ்டிக் கணக்கும் நன்றாகவே பொருந்துகிறது. அதைக் கொண்டு போய் 1882க்கும் 1917க்கும் ஒட்டவைப்பதையே மறுக்கிறேன்.

1944 ஆகஸ்ட் 27. சேலத்தில் கூடிய நீதிக் கட்சி மாநாட்டில் கட்சியின் பெயர் திராவிடர் கழகம் ஆனது. பெயர் மாற்றத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். அண்ணாதுரை தீர்மானத்தின் இன்னொரு பகுதி உள்ளாட்சி வரலாற்றுக்கு அதைவிட முக்கியம்: சர்க்கார் தந்த பட்டங்களை விட வேண்டும் என்பதோடு, ஜில்லா போர்டு, முனிசிபாலிட்டி போன்றவற்றில் சர்க்கார் நியமனத்தால் பதவி வகிப்போர் விலக வேண்டும் என்றும் அது கேட்டது. ஒரு கட்சி தன்னைப் புதிதாக அமைத்துக்கொள்ளும் நேரத்தில் முதலில் அறுத்துக்கொண்டது நியமன நாற்காலியோடு இருந்த உறவை. அறுபதாண்டுகளுக்கு முன் விஜயராகவாச்சாரியார் வழக்காடிய பொருளும் இதுவே. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு இருந்தது என்று வாதிடவில்லை. எதிர்த்து நின்ற இடம் ஒன்று என்கிறேன்.

விடுதலைக்குப் பின் வந்த விவாதம் அறிந்ததுதான். 1959இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் கட்சியற்ற ஜனநாயகத்தை முன்வைத்தார். 1978இல் அசோக் மேத்தா குழு பஞ்சாயத்துகளில் கட்சிகள் வெளிப்படையாகப் போட்டியிடட்டும் என்றது. அரசியல் சட்டத்தின் 243-சி, 243-ஆர் உறுப்புகள் ஊராட்சித் தலைவரையும் நகராட்சித் தலைவரையும் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டன. கட்சி பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை மாநிலம்தான் நிரப்பியது. வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான சிகாகோவில் 1999 முதல் மேயர் தேர்தல் சட்டப்படி கட்சி சார்பற்றது. 2023 இறுதிச் சுற்றில் மோதிய பிராண்டன் ஜான்சன், பால் வாலஸ் இருவருமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள். சீட்டிலிருந்து கட்சிப் பெயரை எடுத்தால் கட்சி போய்விடாது. ஆனால் ஒரே கட்சிக்குள் இருக்கும் இரு கொள்கைகள் வாக்காளர் முன் வந்து நிற்க இடம் கிடைக்கிறது. இங்கே இளஞ்சிவப்புச் சீட்டிலும் அந்த வாய்ப்பு உண்டு. அதைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களோடு நான் சேரவில்லை.

சேலம் நகரத்துக்கு அது கிடைக்கவில்லை. 1994இல் மாநகராட்சியான இவ்வூருக்கு 2006இல் கவுன்சிலர்கள் வழியாக ரேகா பிரியதர்ஷினி, 2011இல் மக்கள் நேரடி வாக்கால் சவுண்டப்பன், 2022இல் மீண்டும் கவுன்சிலர்கள் வழியாக இராமச்சந்திரன் மேயரானார்கள். தேர்ந்தெடுக்கும் முறை மாறி மாறி வந்தது. மூவரும் அந்தந்த நேரத்தில் கோட்டையில் ஆண்ட கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பது மாறவில்லை. 2021 ஏப்ரலில் நகரத்தின் மூன்று சட்டமன்றத் தொகுதிகளில் வடக்கு ஒன்றை மட்டுமே தி.மு.க.வுக்குக் கொடுத்த வாக்காளர்கள், 2022 பிப்ரவரியில் மாநகராட்சியை அதனிடமே ஒப்படைத்தார்கள். பத்து மாதத்தில் இவ்வூர் கட்சி மாறிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. தண்ணீரும் சாலையும் நிதியும் கோட்டையிலிருந்து வரும்போது கோட்டையோடு ஒத்துப்போகும் சேர்மனே பயன்படுவார் என்று இந்நகரம் நூறாண்டாகக் கற்றிருக்கிறது. சர்க்கார் கட்சி என்ற பழைய கட்சி இன்னும் போட்டியில் இருக்கிறது. சின்னம் மட்டும் மாறுகிறது.

கட்சி சார்பற்ற தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தில் இந்த ஒன்று விடுபட்டுப் போகிறது. 2016இல் அறிவிக்கப்பட்ட தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபின், சேலம் மாநகராட்சி 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமலேயே நடந்தது. 2019இல் இளஞ்சிவப்புச் சீட்டால் தேர்வான சேலம், நாமக்கல் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. அவர்கள் பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது.