கடல் கடந்த தந்தையர்

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் 1997-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகப் பிரியும் முன்னர்ப் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அம்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குச் சென்றோர் பலர். இந்திய இராணுவத்தில் அப்போது சேர்ந்தோர் 25 இலட்சம் பேர். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. ஆயினும் வறுமையின் கட்டாயம் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அவர்தம் பிள்ளைகளை அணுகி, தந்தையார் எங்கே போரிட்டார் என வினவினால், ‘பர்மாவில்’ என்றோ, ‘சீமைப் பக்கம்’ என்றோ சொல்வதற்கு மேல் விடை கிடைப்பது அரிது. இதனை மறதி என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. களத்திலிருந்து கடிதம் எழுதும் வீரன் தான் இருக்கும் ஊரின் பெயரைக் குறிக்கக் கூடாது என்பது படையின் விதி. மீறி எழுதினால் தணிக்கையாளர் அதனை நீக்கிவிடுவார். ஆகவே வீட்டுக்கு வந்தவை நல விசாரிப்பும் சம்பளத்தில் ஒரு பகுதியும்தாம். 1942 ஏப்ரலில் ஜப்பானியருக்கு அஞ்சிச் சென்னை மக்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினரே, அந்நாளிலும் இக்குடும்பங்கள் தம் தலைவன் இருக்கும் திசையறியாமலே காத்திருந்தன.

அம்மாவட்டத்தார் ஒருவரின் கதை மட்டும் ஏட்டில் ஏறியது. காஞ்சிபுரத்தை அடுத்த கீழொட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படையினர். 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் காசினோ போர்முனைக்குத் தெற்கேயுள்ள மின்யானோவில் அவரும் சிலரும் கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தனர். உடன் வந்த லான்ஸ் நாயக் ஒருவரின் கால் ஒரு கண்ணியின்மேல் பட்டது. அவ்வகைக் கண்ணி மிதித்த உடனே வெடிப்பதில்லை. நான்கு விநாடி போல் தாமதித்து, மேலெழுந்து வெடித்துச் சுற்றிலும் இரும்புக் குண்டுகளை இறைக்கும். அந்த நான்கு விநாடியில் விலகி ஓடியிருக்கலாம். சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து தம் உடலால் மூடினார். உடனிருந்தோர் பிழைத்தனர். 1944 ஜூன் 30-இல் ஜார்ஜ் கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

சாப்பர்ஸ் படையில் தமிழரும் தெலுங்கரும், இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் ஒரே அணியில் நின்றனர். வடநாட்டுப் படைகள் பலவற்றில் இருந்ததுபோல் இன்ன மதத்தார்க்கு இன்ன கம்பெனி என்னும் பிரிவினை அங்கே இல்லை. அன்று மின்யானோவில் பிழைத்தோரின் பிள்ளைகள், தம் பிறப்புக்கே அந்த நான்கு விநாடி காரணம் என்பதை அறிவார்களோ?

இன்னொன்றும் கூற வேண்டும். தணிக்கையாளர்கள் இந்திய வீரர்களின் கடிதங்களிலிருந்து சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வீரர்களின் மனநிலையை அறியும்பொருட்டு மேலிடத்துக்கு அறிக்கையாக அனுப்பினர். வீடுகளில் மூலக் கடிதங்கள் கறையானுக்கு இரையாகிவிட்டன. இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் அவ்வறிக்கைகள் இன்றும் உள்ளன. எழுதியவனின் பதவியும் பிரிவும் அவற்றில் காணப்படும். பெயர் பெரும்பாலும் இராது.