கயாக்கும் தெப்பமும்: வன்னியின் எந்த நீர் பந்தயத்துக்கு ஏற்றது?

2024 ஓகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் தனிநபர் கயாக் 1000 மீற்றர் இறுதியோட்டத்தில் செக் நாட்டின் யோசெப் டொஸ்டால் 3 நிமிடம் 24.07 செக்கனில் முதலாவதாக வந்தார். வெள்ளியும் வெண்கலமும் ஹங்கேரியின் ஆடாம் வொர்காவுக்கும் பாலின்ட் கொபாசுக்கும் போயின. இந்த இரண்டு நாடுகளுக்கும் கடலே கிடையாது. மூன்று ஆண்டுகள் முன்பு டோக்கியோவில் தங்கமும் வெள்ளியும் வென்றவர்கள் இதே கொபாசும் வொர்காவும்தான். அங்கு மூன்றாவதாக வந்த பெர்னான்டோ பிமென்டா மட்டும் கடலோரப் போர்த்துக்கலைச் சேர்ந்தவர்.

வன்னியில் படகு விளையாட்டு என்று பேச்செடுத்தால் நம் நினைவு நேரே முல்லைத்தீவுக் கரைக்குத்தான் போகிறது. கடலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், துடுப்பு அவர்கள் கையிலேயே இருக்கிறது, ஒரு கயாக்கைக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. அந்தப் பிள்ளைகள் மேல் வைத்த நம்பிக்கையில் பிறந்த எண்ணம் அது. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் பந்தயக் கயாக்கையும் எங்கள் கரையின் ஒற்றை ஆள் தெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கணக்கு வேறாக வருகிறது. இரண்டிலும் ஒரு மனிதன், ஒரு துடுப்பு, ஒரு மிதவை. இந்த மூன்றையும் விட்டால் மற்ற எல்லாவற்றிலும் அவை எதிரெதிர்த் திசையில் வளர்ந்தவை.

மிதவையை முதலில் எடுத்துக்கொள்வோம். சர்வதேச விதிப்படி ஒற்றைக் கயாக்கின் நீளம் 5.20 மீற்றரைத் தாண்டக்கூடாது. எடை 12 கிலோவுக்குக் குறையக்கூடாது. முன்பு அகலம் 51 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்குப் பிறகு அது நீக்கப்பட்டது. அன்றிலிருந்து படகின் உடல் ஒடுங்கிக்கொண்டே போயிற்று. நீருடன் உரசும் பரப்பைக் குறைப்பது, அலை எழுப்பி வீணாகும் வலுவைக் குறைப்பது, இவை இரண்டும்தான் அந்த வடிவத்தின் நோக்கம். அதற்கு விலையாக நிலைத்தன்மை முழுவதும் போய்விட்டது. புதிதாக ஏறுபவர் துடுப்பை நீரில் வைக்கும் முன்பே கவிழ்ந்துவிடுவார். ஓட்டுநர் துடுப்பு வலிக்கும்வரைதான் படகு நிமிர்ந்து நிற்கும்.

தெப்பம் இதற்கு நேர்மாறு. மரங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கயிற்றால் பிணைத்த மிதவைக்கு உட்குழிவு இல்லை. நீர் நிறைந்து மூழ்குவதற்கு அதில் இடமே கிடையாது. அலை மேலே ஏறினால் இடுக்குகள் வழியே வடிந்துபோகும். கரையில் உடையும் அலையைத் தாண்டிப் போகவும், அதே அலையில் ஏறி மணலில் வந்து இறங்கவும் அந்த அமைப்பு உதவி வந்திருக்கிறது. கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு ஏறிவிடலாம். கயாக் கவிழ்ந்தால் உள்ளே நீர் நிறையும். பந்தயம் அந்த இடத்திலேயே முடிந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையில் இருந்த கலங்களை வாரிக்கொண்டு போனது. பின்னர் உதவியாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். மரத் தெப்பத்தின் வடிவிலேயே பைபரில் வார்த்த தெப்பங்களும் இன்று இலங்கைக் கரைகளில் ஓடுகின்றன. பொருள் மாறிய பின்னும் அகலமும் மிதப்பும் மாறவில்லை. வலையையும் மீனையும் ஏற்றி, ஆள் எழுந்து நின்று வேலை செய்ய வேண்டிய கலம் ஒடுங்க முடியாது.

உடல் இயங்கும் விதத்தில்தான் வேறுபாடு இன்னும் ஆழமாகிறது. கயாக்கில் ஓட்டுநர் தாழ்வான இருக்கையில் முன்னோக்கி அமர்ந்து, முழங்காலை மடித்துப் பாதங்களைக் கால்பலகையில் ஊன்றுகிறார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தோளின் வேலையாகத் தெரியும். உண்மையில் வலு தொடங்குவது காலில். வலப்பக்கத் துடுப்பு நீரில் இறங்கும் கணத்தில் வலது கால் பலகையை உதைக்கிறது, இடுப்பு சுழல்கிறது, உடற்பகுதி முழுவதும் அதோடு திரும்புகிறது. கை அந்த வலுவைக் கடத்தும் இணைப்பு மட்டுமே. நீரைப் பின்னே தள்ளுவதாக அல்ல, ஊன்றிய துடுப்பைத் தாண்டிப் படகை முன்னே கொண்டுபோவதாகவே பயிற்றுநர்கள் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். 1980களில் சிறகு வடிவத் துடுப்பு வந்த பின் வலிப்பின் பாதையே மாறியது. தட்டையான பழைய துடுப்பு படகை ஒட்டியபடி பின்னே போனது. குழிந்த சிறகுத் துடுப்போ படகைவிட்டு வெளிப்புறமாக விலகிப் போகும். அப்போது நீரில் அதன் பிடி நழுவுவதில்லை. நிமிடத்துக்கு நூறுக்கும் மேற்பட்ட வலிப்புகளை மூன்றரை நிமிடம் விடாமல் கொடுக்க வேண்டும். டொஸ்டாலின் நேரத்தைக் கணக்கிட்டால் மணிக்கு ஏறக்குறைய 17.6 கிலோமீற்றர் வேகம் வருகிறது. அந்த வேகத்தில் கைகள் இரண்டும் துடுப்பிலேயே இருக்கும். திசை திருப்புவதைப் பாதங்கள் பார்த்துக்கொள்கின்றன. பாதங்களுக்கு இடையில் நிற்கும் சிறு தண்டு படகின் அடியில் உள்ள சுக்கானோடு இணைக்கப்பட்டிருக்கிறது.

தெப்பக்காரர் முழந்தாளிட்டு அல்லது குந்தியிருந்து வலிக்கிறார். அவர் துடுப்பே சுக்கானும். எங்கே அலை உடைகிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று வாடையா கொண்டலா சோழகமா என்பதைப் பார்த்து ஒவ்வொரு வலிப்பின் கோணமும் மாறும். நந்திக்கடல் போன்ற ஆழமில்லாக் களப்பில் துடுப்பை வைத்துவிட்டுக் கம்பு ஊன்றிப் போவதும் உண்டு. வலை போடும் இடத்தில் நிற்கவேண்டும், இழுக்கும்போது நழுவாமல் பிடிக்கவேண்டும், பாரத்தோடு திரும்பவேண்டும். கயாக் ஓட்டம் ஒருவழிப் பயணம். இறுதிக்கோட்டில் ஓட்டுநர் தன் வலுவை முழுவதும் செலவழித்து முடித்திருக்க வேண்டும். மீன்பிடிப்பவர் அப்படிச் செலவழிக்கவே முடியாது. காற்று மாறினால் கரை சேர்வதற்கான வலுவை எப்போதும் ஒதுக்கிவைத்துத்தான் அவர் வலிக்கிறார். சிறுவயதிலிருந்து அப்படி அடக்கி வலித்துப் பழகிய உடலுக்கு, முதல் ஐம்பது மீற்றரிலேயே உச்சத்தை எட்டு என்று சொல்வது புதுப்பாடம்.

வன்னியில் அந்த அடக்கத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை, வெளியிணைப்பு இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு, சில காலங்களில் கடலில் இறங்கவே தடை. மற்றக் கரைகளில் இயந்திரம் துடுப்பை ஓரங்கட்டிய ஆண்டுகளில் இங்கே துடுப்பு வீட்டைக் காப்பாற்றிய கருவியாக இருந்தது. போரின் கடைசி நாட்களில், 2009 மே மாதத்தில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய மணல்திட்டில் நடந்ததை இந்த நீரைப் பற்றி எழுதும் எவரும் தாண்டிப்போக முடியாது. நந்திக்கடலில் பந்தயப் பாதை போடலாமே என்ற யோசனையை நான் ஏற்காததற்கு அது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் தொழில்நுட்பமானது. பந்தயப் பாதைக்குக் குறைந்தது இரண்டு மீற்றர் ஆழமும், எல்லாப் பாதைகளுக்கும் ஒரே மாதிரியான ஆழமும் தேவை. ஆழம் குறைந்தால் படகு எழுப்பும் அலை அடித்தளத்தோடு மோதிப் படகைப் பின்னே இழுக்கும். ஒரே வலுவுக்கு ஒரு பாதையில் வேகம் கூடும், அடுத்ததில் குறையும். களப்பு நீர் அதற்குச் சரிவராது. திறந்த கடல் பேச்சுக்கே இடமில்லை. காற்றும் அலையும் இந்த ஓட்டத்தை எவ்வளவு குலைக்கும் என்பதை 2000 சிட்னியில் உலகம் பார்த்தது; பென்ரித் ஏரியில் கடைசி நாள் இறுதியோட்டங்கள் பலத்த காற்றால் மணிக்கணக்கில் தள்ளிப்போயின. அன்று 500 மீற்றரில் தங்கம் வென்ற நோர்வேயின் க்னுட் ஹொல்மன் முதல் நாள் 1000 மீற்றரையும் வென்றிருந்தார். காற்று நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டும் என்பதால்தான் இந்த விளையாட்டில் உலக சாதனை என்று சொல்லாமல் சிறந்த நேரம் என்று மட்டும் குறிக்கிறார்கள். டோக்கியோவில் கொபாஸ் எடுத்த 3 நிமிடம் 20.643 செக்கனையும் பாரிஸில் டொஸ்டால் எடுத்த நேரத்தையும் வைத்து யார் வேகமானவர் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்படியென்றால் கரையோரப் பிள்ளைகளுக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது, அதைக் காட்டும் நல்ல உதாரணம் மணிப்பூரிலிருந்து வருகிறது. 2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் இரட்டையர் கனோ 1000 மீற்றரில் வெண்கலம் வென்றார்கள். 1994 ஹிரோஷிமாவில் சிஜி சதானந்தனும் ஜொனி ரொம்மெலும் இதே பிரிவில் வென்ற வெண்கலத்துக்குப் பின் இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம் அது. சுனில், லோக்டாக் ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அவர் வளர்ந்தது ஏரியில், கடலில் அல்ல. அவர் வென்றது கனோவில், கயாக்கில் அல்ல. கனோவில் ஓட்டுநர் ஒரு காலை முழந்தாளிட்டு, ஒற்றை அலகுத் துடுப்பால் ஒரே பக்கம் வலிக்கிறார். சுக்கான் கிடையாது, ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பாலேயே படகை நேராக்குகிறார். நம் தெப்பக்காரரின் உடல் கயாக்கைவிடக் கனோவுக்குத்தான் நெருக்கம். இந்த ஒப்பீட்டைத் தொடங்கும்போது கயாக்கைத்தான் மனதில் வைத்திருந்தேன். முல்லைத்தீவுப் பிள்ளை ஒருவருக்கு எதைக் கொடுப்பது என்று இன்று கேட்டால் முதலில் கனோவைக் கொடுக்கச் சொல்வேன்.

கயாக்குக்கு ஏற்ற பிள்ளைகளைக் கிளிநொச்சிப் பக்கம் தேடலாம். ஹங்கேரியர்கள் ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்தார்கள். இந்தியாவின் பயிற்சி மையங்களில் முக்கியமானதொன்று இருப்பது கடலிலிருந்து வெகுதூரத்தில், போபால் நகரின் ஏரியில். எங்களிடம் இருப்பது இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட குளம். அணைக்கட்டு மட்டும் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. அண்மைய புனரமைப்புக்குப் பின், 2018 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட நிலையில், முழு நீர்மட்டம் 36 அடி. ஆயிரம் மீற்றர் பாதைக்கு நீளமும் ஆழமும் தாராளம்.

ஆனால் அது வயலுக்கான நீர், விளையாட்டுக்கான நீர் அல்ல. மாரி மழையில் மார்கழி, தை மாதங்களில் நிரம்பும் குளம் சிறுபோகத்துக்குத் திறந்துவிடப்பட்டு ஆவணி, புரட்டாதியில் வற்றிக் கிடக்கும். வைகாசிக்குப் பின் சோழகம் தென்மேற்கிலிருந்து குளத்தின் குறுக்கே ஓடிவந்து வடக்கே உள்ள அணைக்கட்டில் அலையாக மோதும். ஆகவே நீரும் நிறைந்து காற்றும் அடங்கிய காலம் மாசியிலிருந்து சித்திரைவரைதான், அதிலும் விடியலிலிருந்து சில மணி நேரம். மற்ற மாதங்களில் தரைப் பயிற்சி, ஓட்டம், நீச்சல். ஐரோப்பியர்கள் பனி உறைந்த மாதங்களைக் கழிப்பதும் அப்படித்தான் என்பதால் இதை ஒரு குறையாக எண்ணத் தேவையில்லை.

படகின் விலை பெரிய தடை. கார்பன் நாரில் செய்த பந்தயக் கயாக் ஒன்று ஆயிரக்கணக்கான யூரோ. ஆனால் பழகுவதற்குக் கார்பன் வேண்டாம். அகலம் சற்றுக் கூடிய பைபர் கயாக் போதும். உடைந்த பைபர் படகை மணலிலேயே வைத்து ஒட்டிச் சரிசெய்யும் கைகள் எங்கள் கரையில் நிறைய உண்டு. நல்ல அச்சு ஒன்று கிடைத்தால் அந்தக் கைகள் பயிற்சிக் கயாக்கை வார்த்துவிடும். தெப்பமும் கயாக்கும் உண்மையில் சந்திக்கக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன், துடுப்பில் அல்ல.

வன்னிக் குளங்களில் முதலை உண்டு. நீர் இறங்கும்போது பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் மேலே வரும். தாமரைக் கொடியும் பாசியும் கயாக்கின் சுக்கானைப் பற்றிக்கொள்ளும். உயிர்காப்புச் சட்டையும் கூடவே போகும் இயந்திரப் படகும் இல்லாமல் ஒரு பிள்ளையையும் நீரில் இறக்கக் கூடாது. இவற்றையெல்லாம்விட முதலில் தீர்க்கவேண்டியது ஒன்று உண்டு. இரணைமடுவில் நன்னீர் மீன்பிடிப்பவர்கள் மாலையில் வலையைப் போட்டு விடியலில் எடுக்கிறார்கள். கயாக்குக்குத் தேவையான அதே அமைதியான காலை நேரம்தான் அவர்களுக்கும் தேவை. நீருக்கு ஒரு முழம் கீழே கிடக்கும் வலை சுக்கானில் சிக்கினால் வலையும் கிழியும், படகும் கவிழும். பாதை எந்தப் பக்கம், எந்த மாதங்களில், எத்தனை மணிக்கு வலை தூக்கிய பின் என்பதைக் குளத்து மீன்பிடிச் சங்கத்தாரோடு உட்கார்ந்து பேசி முடித்த பிறகுதான் முதல் மிதவைக் குறியைப் போடலாம்.