குடல் இயக்குநீரும் பெருங்குடல் புற்றுநோயும் – ஒரு வரலாற்றுப் பார்வை



ஹார்மோன் என்றவுடன் மாணவர்கள் இன்சுலினையும் அட்ரினலினையும் கூறுவர். ஆனால், அச்சொல் பிறக்கக் காரணமான சுரப்பு குடலில்தான் கண்டறியப்பட்டது. பாடம் நடத்தும்போது இதனையும் சேர்த்துச் சொல்லலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், செரிமானம் நரம்புகளின் ஆட்சிக்கே உட்பட்டது என்ற கருத்து மேலோங்கியிருந்தது. உருசிய அறிஞர் பாவ்லோவ் அக்கருத்தின் தூணாக விளங்கினார். 1902-ஆம் ஆண்டு சனவரியில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பெய்லிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் இருவர் (இவர்கள் மைத்துனர்களும்கூட) மயக்கமருந்து கொடுத்த நாய் ஒன்றின் சிறுகுடற் பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அப்பகுதிக்குள் அமிலத்தைச் செலுத்தினர். நரம்புத் தொடர்பு இல்லாத நிலையிலும் கணையநீர் சுரந்தது! அப்படியாயின் கணையத்திற்குச் செய்தி கொண்டு சென்றது எது? குடலின் உட்சுவரைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டிய நீரை நாயின் இரத்தக்குழாயில் செலுத்திப் பார்த்தனர். கணையம் மீண்டும் சுரந்தது. அந்நீரில் இருந்த பொருளுக்குச் செக்ரெட்டின் எனப் பெயரிட்டனர். 1905-இல் ஸ்டார்லிங் தம் சொற்பொழிவில் ‘ஹார்மோன்’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். தூண்டுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. தமிழில் இயக்குநீர் என்பது அதற்கு எத்துணைப் பொருத்தம்! பாவ்லோவும் அச்சோதனையைத் தம் ஆய்வுக்கூடத்தில் செய்வித்துப் பார்த்து, அவர்கள் கூறியது சரியே என ஏற்றுக்கொண்டார். செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர் என்பதை நினைக்கும்போது, அந்தப் பெருந்தன்மை வியப்பூட்டுகிறது.

பிறகு பல குடல் இயக்குநீர்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்றன் கதை புற்றுநோயுடன் பிணைந்தது.

கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை நுண்ணுயிர்களுள் சில, வெப்பத்தாலும் அழியாத நச்சு ஒன்றைச் சுரக்கின்றன. அந்நச்சு குடற்சுவரில் உள்ள ஓர் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, நீரையும் உப்பையும் வெளியேறச் செய்கிறது. பகைவனின் சாவிக்காக வீட்டுக்காரர் பூட்டுச் செய்து வைப்பாரா? அந்தப் பூட்டுக்குரிய சாவி நம் உடலிலேயே இருந்தாக வேண்டும் எனத் தேடிய அமெரிக்க ஆய்வாளர்கள், 1992-இல் எலியின் சிறுகுடலிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். அதுவே குவானிலின். குடலின் நீர், உப்புச் சமநிலையைக் காப்பது அதன் பணி.

பெருங்குடற் கட்டிகளை ஆராய்ந்தபோது, நோயின் தொடக்க நிலையிலேயே குவானிலின் பெரிதும் குறைந்துவிடுவது தெரியவந்தது. ஏற்பியோ அப்படியே இருந்தது. ஏற்பி நீக்கப்பட்ட எலிகளில் கட்டிகள் மிகுதியாகத் தோன்றின. பிலடெல்பியாவின் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் வால்ட்மேன் குழுவினர், இழந்த இயக்குநீரை ஈடுசெய்தால் புற்றுநோயைத் தடுக்கலாம் என்ற கருதுகோளை முன்வைத்தனர். அதே ஏற்பியைத் தூண்டும் லினாக்ளோடைடு என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2012-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அது மலச்சிக்கலுக்காக மட்டுமே. மனிதரில் அது பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்கும் என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

ஆகவே, ‘புற்றுநோயைத் தடுக்கும் ஹார்மோன் மாத்திரை’ என்று எவரேனும் செய்தி அனுப்பினால் பெற்றோர் நம்பி வாங்கிவிட வேண்டாம். மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனையும், குடல்நோக்கிவழிக் கட்டிகளைப் புற்றாக மாறுமுன் அகற்றுதலும் பயனுடையவை என மெய்ப்பிக்கப்பட்டவை. குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்திருந்தால், எந்த வயதில் சோதனையைத் தொடங்குவது என மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.